படகின் வேகத்தைத் தணிக்கும் கித்தான் பை

ஆடி மாதத்தில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிக் கரிசற்காட்டுப் புழுதியை வாரிச் செல்லும் காற்று, வேம்பார், சிப்பிகுளம், தருவைகுளம் ஆகிய கடற்கரை ஊர்களைத் தாண்டியதும் மன்னார் வளைகுடாவில் நிற்கும் மீன்பிடி படகுகளைத் தள்ளத் தொடங்குகிறது. நிலத்தில் உழைப்போரும் தறியில் உழைப்போரும் கடலில் உழைப்போரும் ஒரே மாவட்டத்தினர். ஒரே காற்றுக்கு உட்பட்டவர். ஆதலின், இரண்டு மீட்டர் துணியால் படகின் வேகத்தைத் தணிக்கும் எளிய சாதனம் ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. ஆங்கிலத்தில் 'டிரிஃப்ட் சாக்' என வழங்கும் இதனை நாம் இழுவைப் பை என்று அழைப்போம்.

வேகத்தைத் தணிப்பது எதற்கு?

சீலா, சூரை, பாரை முதலிய மீன்களைப் பிடிக்கும் முறைகளுள் ஒன்று, ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்வது. இரை நீந்துவதுபோல் தோன்றினால்தான் மீன் அதனைத் துரத்திக் கவ்வும். பளபளக்கும் போலி இரையை மணிக்கு 5, 6 கடல் மைல் வேகத்திலும் இழுக்கலாம். உயிர் மீனை இரையாகக் கோத்தாலோ 2 கடல் மைல் அளவான நடை வேகமே ஏற்றது. அதற்கு மேற்பட்டால் இரை நீரில் சுழன்று விரைவில் மடியும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

யந்திரப் படகில் இந்த நிதானம் எளிதில் வாய்ப்பதில்லை. யந்திரத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும், விசிறி சுழலும் வரையில் படகு ஓரளவு வேகத்துடன் ஓடியே தீரும். பின்னாலிருந்து காற்றும் தள்ளினால் அந்த வேகம் மேலும் கூடும். அடிக்கடி யந்திரத்தை நிறுத்தி மீண்டும் கிளப்பினால் தூண்டில் கயிறு தொய்ந்து சிக்கலாகும். யந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே படகை மெல்லச் செலுத்துவதற்கு உதவுவதுதான் இழுவைப் பை.

பை வேலை செய்யும் விதம்

இது இருபுறமும் திறந்த கூம்பு வடிவப் பை. அகன்ற வாய் படகு செல்லும் திசையை நோக்கியிருக்கும். ஒடுங்கிய வால் பின்னோக்கியிருக்கும். வாய் வழியே புகும் நீர் சிறிய வால் வழியே முழுவதும் வெளியேற இயலாமல் பைக்குள் தேங்கித் துணியை உப்பச் செய்கிறது. அவ்வாறு நிறைந்த நீரையும் படகு சேர்த்து இழுக்க நேர்வதால் வேகம் குறைகிறது.

இங்கே நினைவில் நிறுத்தவேண்டிய கணக்குகள் இரண்டு. முதலாவது: படகின் வேகம் இருமடங்கானால் பையின் இழுப்பு நான்கு மடங்காகும். வாயின் குறுக்களவு 60 சென்டிமீட்டர் உள்ள ஒரு பை, மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் தோராயமாக 20 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தரும். அதே பை 4 கடல் மைலில் 80 கிலோவும், 6 கடல் மைலில் 180 கிலோவும் இழுக்கும். பையைக் கடலில் விட்டபடியே முழு வேகத்தில் ஓட்டினால் கயிறு அறுவதற்கும், கயிறு கட்டிய கட்டை பெயர்வதற்கும் காரணம் இதுவே. இரண்டாவது: வாயின் குறுக்களவு இருமடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகும், இழுப்பும் அவ்வாறே பெருகும். ஆகவே பெரிய பையைத் தேடுவதைவிடச் சிறிய பைகள் இரண்டை வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையோ விடுவது நலம்.

தைக்கும் முறை

60 சென்டிமீட்டர் வாயும், 15 சென்டிமீட்டர் வாலும், 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பைக்கு நான்கு துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு துண்டும் மேலே 47, கீழே 12, நீளத்தில் 90 சென்டிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். தையலுக்காகப் பக்கங்களில் 2 சென்டிமீட்டர் வீதமும், மடிப்புக்காக மேலும் கீழும் 3 சென்டிமீட்டர் வீதமும் கூட்டிக்கொள்க. துண்டுகளைத் தலைமாற்றி அடுக்கி வெட்டினால் 90 சென்டிமீட்டர் அகலத் துணியில் 2 மீட்டர் போதும். வாயைச் சுற்றி உறுதியான பட்டை நாடா தைத்து, அதில் சம தூரத்தில் நான்கு கயிறுகளைக் கட்டி, அவற்றின் முனைகளை ஒரு சுழல் வளையத்தில் சேர்க்கவேண்டும். சுழல் வளையம் இல்லையேல் பை சுற்றிச் சுற்றிக் கயிறு முறுக்கேறிவிடும். வாயின் ஒரு பக்கத்தில் சிறிது ஈயமும், எதிர்ப்பக்கத்தில் சிறு மிதவையும் கட்டினால் வாய் தானே விரியும். வாலின் முனையில் தனியாக ஒரு மீட்புக் கயிறு இருத்தல் அவசியம். அதனை இழுத்தால் பை தலைகீழாகி நீரைக் கொட்டிவிடும். ஒருவரே படகில் ஏற்றிவிடலாம்.

எந்தத் துணி?

இந்த வினா நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு உரியது. 1901-ஆம் ஆண்டு முதல் பருத்தி ஆராய்ச்சி நடந்துவரும் கோவில்பட்டிச் சீமையில் கருங்கண்ணியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அதன் குட்டையான இழை மெல்லிய நூலுக்கு ஏற்றதன்று; முரட்டு நூலுக்கும் தடித்த துணிக்கும் ஏற்றது. பருத்தி நூல் நனைந்தால் அதன் வலிமை கூடுகிறது. நைலான் நனைந்தால் சிறிது குறைகிறது. நனைந்த பருத்தி நூல் பருத்து நெசவின் கண்களை அடைப்பதால், நெருக்கமாக நெய்த கித்தானில் நீர் கசிவதும் குறையும்.

ஆயினும் பருத்தியின் குறையை மறைத்தல் தகாது. ஈரமாகவே சுருட்டி வைத்த பருத்தித் துணி பூசணம் பிடித்து இற்றுப்போகும். ஒவ்வொரு நாளும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். நைலானுக்கு இத்தனை கவனம் வேண்டுவதில்லை. ஆனால் நாள்பட்ட வெயில் அதனையும் நைந்துபோகச் செய்யும். அன்றாட மீன்பிடிப்புக்கான சிறிய பையைப் பருத்திக் கித்தானில் தைக்கலாம் என்பதும், பின்னர்க் கூறப்போகும் ஆபத்துக்காலப் பையை உறுதியான செயற்கை இழைத் துணியில் செய்வதே தக்கது என்பதும் நம் கருத்து. தையல் நூல் இரண்டிற்கும் பாலியெஸ்டராகவே இருக்கட்டும்.

படகில் கட்டும் முறை

மீன்பிடிக்கும்போது பையைப் படகின் பின்புறத்தில் கட்டுதல் கூடாது, தூண்டிலோடு சிக்கும். அணியத்தின் அருகில் பக்கவாட்டில் கட்டி, பையின் வாலும் மீட்புக் கயிறும் யந்திர விசிறியை எட்டாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாக வைக்கவேண்டும். விசிறியில் துணி சுற்றிக்கொண்டால் நடுக்கடலில் யந்திரம் நின்றுவிடும்.

இருபுறமும் ஒரே அளவுள்ள பைகளைக் கட்டினால் படகு நேராகச் செல்லும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் படகு அந்தப் பக்கமே திரும்பும். பக்கக் காற்றின்போது இக்குணமே உதவியாகிறது: காற்று வரும் பக்கத்தில் ஒரு பையை விட்டால், காற்று ஒதுக்கித் தள்ளும் அணியத்தை அது இழுத்துப் பிடிக்கும். பெரிய மீன் தூண்டிலில் பட்டதும் முதற்காரியமாகப் பைகளை ஏற்றிவிட வேண்டும்.

ஆபத்துக்காலத்தில்

இதுவரை கூறியது வருவாய்க்கானது. இனிக் கூறுவது உயிருக்கானது. யந்திரம் பழுதான படகு காற்றுக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். அலைகள் பக்கவாட்டில் மோதினால் படகு கவிழக்கூடும். அவ்வேளையில் பெரிய பை ஒன்றை அணியத்திலிருந்து நீண்ட கயிற்றில் விட்டால், அது படகின் முன்முனையை அலைக்கு நேராகப் பிடித்து நிறுத்தும். இதனைக் கடல் நங்கூரம் என்பர். 1901-இல் கனடாவின் விக்டோரியா துறைமுகத்திலிருந்து ஒரே மரத்தைக் குடைந்து செய்த 'டிலிகம்' என்னும் ஓடத்தில் பாய் கட்டிப் புறப்பட்டு, 1904-இல் லண்டனை அடைந்த ஜான் வாஸ் என்ற மாலுமி, புயல்களில் கடல் நங்கூரத்தையே நம்பியிருந்தார்.

நம் கடலில் மற்றொரு காரணமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையேயான எல்லை 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று, யந்திரம் நின்ற படகை அவ்வெல்லையை நோக்கியே தள்ளும். மணிக்கு 2 கடல் மைல் வீதம் ஒதுங்கும் படகு 12 மணி நேர இரவில் ஏறத்தாழ 44 கிலோமீட்டர் போய்விடும். பை அந்த வேகத்தைப் பாதியாக்கினால் 22 கிலோமீட்டரோடு நிற்கும். தூரம் பாதியானால், படகைத் தேடவேண்டிய கடற்பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது. கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லிவிட்டுக் காத்திருப்போருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

இதற்கு மீன்பிடிப்புக்கான சிறிய பை போதாது. பெரிய வாயும், படகின் நீளத்தைப்போல் பல மடங்கு நீண்ட கயிறும் வேண்டும். கயிறு அணியத்தில் உரசும் இடத்தில் பழந்துணியைச் சுற்றாவிடில் ஓரிரவுக்குள் அறுந்துபோகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இயந்திரப் படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். வலையும் படகும் செப்பனிடப்படும் அக்காலமே பை தைப்பதற்கும் உகந்தது. நெசவாளர் சங்கம் துணியும், தையல் அறிந்த மகளிர் உழைப்பும், மீனவர் சங்கம் கயிறும் படகும் தந்து முதலில் இரண்டே பைகளைச் செய்து பார்க்கலாம். காற்று அடங்கிய காலை நேரத்தில், யந்திரத்தை ஒரே அளவில் வைத்து, பை இல்லாமலும் பையுடனும் படகின் வேகத்தை ஜி.பி.எஸ். கருவியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்த வேகம் போதுமானதா, தையல் பிரிந்ததா, துணி இற்றதா என ஒரு பருவம் முழுதும் கவனித்த பின்னரே அதிகமாகத் தைப்பது பற்றி நிர்வாகக் குழு முடிவு செய்யலாம். சங்கத்தின் பணம் சோதித்தறியாத பொருளில் முடங்குதல் ஆகாது.

படகுக் கடன் வழங்கும் சங்கங்கள், உயிர்காப்பு மிதவையோடு கடல் நங்கூரமும் நீண்ட கயிறும் படகில் உள்ளனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்வையிடுதல் வேண்டும். கடன் பத்திரத்திற்கு ஈடாக நிற்பது படகு. அந்தப் படகை நம்பி நிற்பது ஒரு குடும்பம்.