ஜூலை 4-ல் இறந்த மூன்று ஜனாதிபதிகளும் உங்க போனுக்கு வரும் டிரேடிங் டிப்ஸும்

இன்னைக்கு வரிக்கணக்குக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள் 1776 ஜூலை 4. அதை எழுதியதில் முக்கியப் பங்கு தாமஸ் ஜெஃபர்சனுக்கு. அதற்காக சபையில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். இருவருமே பின்னாளில் ஜனாதிபதி ஆனார்கள். முதலில் நண்பர்கள், பிறகு தேர்தலில் எதிரிகள், வயதான காலத்தில் கடிதம் எழுதிக்கொண்டு மறுபடியும் நண்பர்கள்.

சரியாக 50 வருஷம் கழித்து, 1826 ஜூலை 4. நாடே பொன்விழா கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அன்று மதியம் வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் இறக்கிறார், வயது 83. அதே நாள் மாலை மாசசூசெட்ஸில் ஆடம்ஸ் இறக்கிறார், வயது 90. ஜெஃபர்சன் போய்விட்ட செய்தி ஆடம்ஸுக்குத் தெரியவே தெரியாது.

அதோடு முடியலை. ஐந்தாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ இறந்தது 1831 ஜூலை 4. முதல் ஐந்து ஜனாதிபதிகளில் மூன்று பேர், ஒரே தேதி! 1826-ல் பதவியில் இருந்தவர் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். அப்பாவும் ஜெஃபர்சனும் ஒரே நாளில் போனதை இறையருளின் அடையாளம் என்றே அவர் தன் டைரியில் எழுதி வைத்தார்.

கேட்டா சிலிர்க்குது இல்லையா? இதே சிலிர்ப்பை வைத்துத்தான் உங்க சம்பளப் பணத்தைக் கேட்டு ஆள் வருகிறார்கள். எப்படின்னு பார்ப்போம்.

எடுத்துக் கொடுத்த வவுச்சர்

ஆடிட்டில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. கம்பெனிக்காரர் "இந்தாங்க சார், இதெல்லாம் செக் பண்ணுங்க" என்று பத்து வவுச்சரை எடுத்துக் கொடுத்தால், அந்தப் பத்தை மட்டும் பார்த்து கையெழுத்துப் போட மாட்டோம். மொத்த ஃபைலையும் கொண்டுவரச் சொல்லி, எதைப் பார்ப்பது என்று நாங்களே முடிவு பண்ணுவோம். எடுத்துக் கொடுத்த பத்தும் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால்தானே எடுத்துக் கொடுத்தார்கள்!

வரலாற்றின் தற்செயல்களும் இப்படி எடுத்துக் கொடுத்த வவுச்சர்தான். நாலாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் இறந்தது 1836 ஜூன் 28, ஆறே நாள் முன்னாடி. முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பர் 14. இதை யாராவது ஆச்சரியமாகச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் மொத்தம் 56 பேர். ஜெஃபர்சன், ஆடம்ஸ் போக மீதி 54 பேர் இறந்த தேதியை யாரும் நமக்கு வாசித்துக் காட்டுவதில்லை. பொருந்தியது கதையாகிறது. பொருந்தாதது ஃபைலுக்குள்ளேயே தூங்குகிறது.

இறந்த தேதி பொருந்தாமல் பிறந்த தேதி பொருந்தியிருந்தாலும் நாம் வியந்திருப்போம். கல்யாணத் தேதி பொருந்தியிருந்தாலும் வியந்திருப்போம். வியக்க இத்தனை வழி இருக்கும்போது, ஏதோ ஒரு வழியில் பொருத்தம் கிடைப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை.

23 பேரும் ஒரு லாட்டரியும்

உங்க டீமில் 23 பேர் இருந்தால், அதில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு 50 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். நம்ப முடியலையா? 23 பேரில் 253 ஜோடி உருவாகும். நம் மனசு 23-ஐ எண்ணுகிறது, கணக்கு 253-ஐ எண்ணுகிறது. 50 பேர் இருந்தால் வாய்ப்பு கிட்டத்தட்ட 97 சதவீதம்.

இதைவிடப் பெரிய உதாரணம் பல்கேரியா. 2009 செப்டம்பர் 6 அன்று அந்நாட்டு லாட்டரியில் வந்த எண்கள் 4, 15, 23, 24, 35, 42. நாலு நாள் கழித்து செப்டம்பர் 10 அன்று அடுத்த குலுக்கல். அதே ஆறு எண்கள்! 42-ல் 6 எடுக்கும் குலுக்கலில் குறிப்பிட்ட ஒரு கூட்டணி வர வாய்ப்பு 52,45,786-ல் ஒன்று. நாடே கொந்தளித்தது. அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். தில்லுமுல்லு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்த ஒரு குலுக்கலை மட்டும் பார்த்தால் அதிசயம்தான். ஆனால் உலகம் முழுக்க எத்தனை லாட்டரி, வாரத்துக்கு எத்தனை குலுக்கல், எத்தனை வருஷமாக? அத்தனையையும் சேர்த்து எண்ணினால், எங்கேயோ ஒரு நாள் இப்படி நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பங்குச்சந்தையும் வெண்ணெயும்

1978-ல் லியோனார்ட் கோப்பெட் என்ற அமெரிக்க விளையாட்டு நிருபர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் பழைய என்எஃப்எல் லீக்கைச் சேர்ந்த அணி ஜெயித்தால் அந்த வருஷம் பங்குச்சந்தை ஏறுகிறது, போட்டி லீக்கிலிருந்து வந்த அணி ஜெயித்தால் இறங்குகிறது. அதுவரை இந்த விதி தவறியதே இல்லை. அவர் கிண்டலாகத்தான் எழுதினார். ஆனால் அதை சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், பல வருஷம் அது வேலை செய்வது போலவும் தெரிந்தது. 2008-ல் பழைய என்எஃப்எல் அணியான நியூயார்க் ஜயண்ட்ஸ் ஜெயித்தது. விதிப்படி சந்தை ஏறணும். அந்த வருஷம் எஸ் அண்ட் பி 500 சுமார் 38 சதவீதம் விழுந்தது.

டேவிட் லைன்வெபர் என்ற ஆய்வாளர் 1990-களில் இதைவிட ஒருபடி மேலே போனார். உலக நாடுகளின் புள்ளிவிவரங்களைத் துழாவி, எஸ் அண்ட் பி 500-ஓடு எது நன்றாகப் பொருந்துகிறது என்று தேடினார். கிடைத்தது வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி! அது ஒன்றே குறியீட்டின் ஏற்ற இறக்கத்தில் 75 சதவீதத்தை "விளக்கியது". அமெரிக்கப் பாலாடைக்கட்டியைச் சேர்த்தால் 95 சதவீதம். இரண்டு நாட்டு ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தால் 99 சதவீதம். போதுமான அளவு தேடினால் எதற்கும் எதையாவது பொருத்திக் காட்டலாம் என்று நிரூபிக்கவே அவர் இதைச் செய்தார்.

இப்போ உங்க போனுக்கு வருவோம்

தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: "இந்த வாரம் நிஃப்டி ஏறும்." ஏறுகிறது. அடுத்த வாரம் "இறங்கும்." இறங்குகிறது. ஆறு வாரம், ஆறும் சரி. ஏழாவது வாரம், "எங்கள் பிரீமியம் குரூப்புக்கு 9,999 ரூபாய்."

கணக்கைப் பாருங்க. அவர் முதல் வாரம் 6,400 பேருக்கு அனுப்பினார். பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும். தப்பாகப் போன 3,200 பேரை விட்டுவிட்டு மீதி 3,200 பேருக்கு மறுபடி இதே வேலை. அப்புறம் 1,600, 800, 400, 200. ஆறாவது வார முடிவில் 100 பேர் மிச்சம். அந்த 100 பேருக்கு அவர் ஒரு தடவைகூடத் தவறாத ஆள். எல்லோரும் பணம் கட்டினால் கிட்டத்தட்ட 10 லட்சம் ரூபாய். சந்தையைப் பற்றி அவருக்கு ஒண்ணுமே தெரிய வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது நேர்மையான வடிவம். 6,400 பேர் தனித்தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும், ஆறு வாரமும் சரியாகச் சொன்னவர்கள் சராசரியாக 100 பேர் வருவார்கள். அவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. தனக்குத் திறமை இருப்பதாகவே ஒவ்வொருவரும் மனசார நம்புவார். அந்த நம்பிக்கையோடு கோர்ஸ் நடத்துவார், நம்மை அழைப்பார். அவர் கண்ணில் பொய் இருக்காது, அதனால் நமக்கும் சந்தேகம் வராது.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு மொத்த ஃபைலையும் திறந்து காட்டியது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அவர்களின் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். 2023-24-ல் இதில் இறங்கியவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழ்.

1 கோடியில் 1 சதவீதம் என்றால்கூட 1 லட்சம் பேர். உங்க ஃபீடை லாப ஸ்கிரீன்ஷாட்டால் நிரப்ப அது தாராளமாகப் போதும். அந்த 1 லட்சம் பேரில் உண்மையான திறமைசாலிகளும் இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்து அவர்களையும் அதிர்ஷ்டசாலிகளையும் பிரிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்

1. மொத்த ஃபைல் எங்கே? ஜெயித்த டிரேடு மட்டும் வேண்டாம். புரோக்கர் தரும் முழு நிதியாண்டு லாப நஷ்ட அறிக்கையைக் கேளுங்க, குறைந்தது மூன்று வருஷத்துக்கு, கட்டணமெல்லாம் கழித்து. எஃப் அண்ட் ஓ வருமானம் வரிச் சட்டப்படி பிசினஸ் வருமானம். பொதுவாக ஐடிஆர்-3-ல் வரும். உண்மையான லாபம் என்றால் அங்கே தெரிந்தே ஆகணும்.

2. முன்னாடி சொன்னதா, பின்னாடி சொன்னதா? நடந்து முடிந்த பிறகு கண்டுபிடித்த விதி வங்கதேச வெண்ணெய் மாதிரி. விதியை முதலில் எழுதி வைத்து, அதற்குப் பிறகு வந்த தரவில் அது நின்றதா என்று பாருங்க.

3. காரணம் என்ன? கம்பெனியின் லாபம் வளர்ந்தால் பங்கு விலை ஏறுவதற்குக் காரணம் சொல்லலாம். கால்பந்து அணி ஜெயித்தால் ஏன் ஏறணும்? காரணம் சொல்ல முடியாத பொருத்தத்தில் பணத்தைப் போடாதீங்க.

மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே கேள்விகள்தான். போன வருஷம் முதலிடம் வந்த ஃபண்டை விளம்பரத்தில் காட்டுவார்கள். சரியாகப் போகாமல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்ட ஃபண்டு அந்தப் பட்டியலிலேயே இருக்காது. ஒரு வருஷ ரிட்டர்னைப் பார்க்காமல், பல ஐந்து வருஷ காலங்களில் அது தன் பெஞ்ச்மார்க்கை எத்தனை தடவை தாண்டியது என்று பாருங்க.

ஆலோசகருக்கு செபி பதிவு எண் இருக்கா என்று செபி இணையதளத்தில் தேடுங்க. உறுதியான லாபம் என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கோங்க. ஏற்கெனவே எஃப் அண்ட் ஓ-வில் நஷ்டம் வந்திருந்தால் மறைக்காமல் கெடு தேதிக்குள் ரிட்டர்னில் காட்டுங்க. அந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரை முன்னெடுத்துச் செல்லலாம்.

6,400-லிருந்து 100 வரை இறங்கும் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் போர்டில் போட்டுக் காட்டியிருக்கேன். ஆபீஸில் "இவர் சொன்னது தப்பவே இல்லை மச்சி" என்று சொல்லும் நண்பருக்கு அதை அனுப்பிவிட்டு, ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "மொத்தம் எத்தனை பேர் சொன்னாங்க?"