உதைக்க மட்டும் ஒரு குழு!

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாங்க! அப்போ உதைப்பது யார்? அதற்கென்றே 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்று தனிக் குழு உண்டு. ஃபீல்டு கோல் உதைத்தால் 3 புள்ளி, டச்டவுனுக்குப் பிறகு உதைத்தால் 1 புள்ளி. சில நொடிதான் வேலை. ஆனால் 1 புள்ளியில் தோற்றால்தான் அதன் அருமை தெரியும். அதனால் புது சீசனுக்கு முன்பே கல்லூரி அணிகள் நல்ல உதைப்பாளரைத் தேடி வைக்கும்.

2020-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணிக்குக் கொரோனாவால் உதைக்க ஆள் இல்லை. பெண்கள் சாக்கர் அணியின் கோல்கீப்பர் சாரா ஃபுல்லரைக் கூப்பிட்டாங்க. டிசம்பர் 12-இல் டென்னசி அணியுடன் நடந்த ஆட்டத்தில் 2 உதை, 2 புள்ளி! அணி தோற்றது, அவர் உதை தப்பவில்லை.

நம்ம பள்ளி டீமில் ஆள் குறைந்தால், எங்களையும் ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்க சார்!