ஸ்டியரிங்கும் சக்கரமும்: கையால் செய்வதா, பட்டறைக்கு அனுப்புவதா?

மோட்டார் வண்டியின் எஞ்சினில் கோளாறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடுகிறது. பிரயாணம் தடைப்படும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஸ்டியரிங் இணைப்பு கழன்றாலோ வண்டி நிற்பதில்லை. ஓட்டுநரின் கட்டுக்கு அடங்காமல் ஓடுகிறது. எஞ்சின் பழுதுகளில் காட்டும் துணிவை ஸ்டியரிங், சக்கரம் ஆகியவற்றின் பழுதுகளிலும் காட்டலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

ஜீப் போன்ற வண்டிகளில் தொலைவான கிராமங்களுக்கும் மலைப்பகுதிகளுக்கும் செல்லும் களப்பணியாளர்கள், பட்டறையை எளிதில் அடைய இயலாத நிலையில் அடிக்கடி இருப்பர். எளிய வேலையைத் தாமே செய்யலாம், கடினமான வேலையைப் பட்டறைக்கு அனுப்பலாம் என்று அவர்கள் பாகுபடுத்திக் கொள்வது இயல்பு. ஆனால் இப்பாகுபாடு சரியானதன்று. சக்கரங்களை ஸ்டியரிங்குடன் இணைக்கும் ‘டை ராடு’ என்னும் தண்டின் முனையைச் சில கருவிகளைக் கொண்டே கழற்றி மாற்றிவிடலாம். வேலை எளிது, அது சரியாக அமைந்ததா என்று கண்டறிவதே அரிது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுவே: செய்த வேலை சரியானதா என்பதை, வண்டி சாலையில் இறங்குமுன் அங்கேயே அளந்து அறிய முடியுமா? முடியுமானால் தாமே செய்யலாம். முடியாதெனில் பட்டறையே தக்க இடம்.

களத்தில் செய்யத்தக்கவை

டயரின் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளந்து சரிசெய்தல், சக்கரத்தை மாற்றுதல், கையேட்டில் குறித்துள்ள இடங்களில் கிரீஸ் இடுதல், நட்டுகளை முடுக்குதல் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. எனினும் நட்டு முடுக்குவதற்கும் ஒரு முறையுண்டு. சக்கரம் பதியும் பரப்பில் துருவும் மண்ணும் இருத்தலாகாது. நட்டுகளை வரிசையாக அன்றி, எதிரெதிராக மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும்.

எவ்வளவு முடுக்குவது என்பதற்குப் பள்ளியில் பயிலும் திருப்புத்திறன் விதியே விடையளிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 30 கிலோகிராம் எடைக்கு ஈடான பலத்தைச் செலுத்தினால், ஏறக்குறைய 98 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் கிடைக்கிறது. பல சிறு வண்டிகளுக்குக் கையேடு கூறும் அளவு இதனையொட்டியதே. அரை மீட்டர் நீளமுள்ள குழாயை மாட்டி, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றால் இது மும்மடங்காகிறது. அப்போது போல்ட் நீண்டு வலுவிழக்கும்; பின்னர் சாலையில் முறியவும் கூடும். சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் சோதித்தல் அவசியம்.

சோதித்து அறியும் முறை

பழுதை நீக்குவது பட்டறையின் வேலையாயினும், அதனைக் கண்டுபிடிப்பது வண்டியைப் பயன்படுத்துவோரின் கடமை. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, அவை அசையத் தொடங்கும்வரை ஸ்டியரிங் சக்கரத்தை மெல்லத் திருப்புக. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சக்கரங்கள் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் திரும்பும் அளவே, மெக்கானிக்குகள் ‘பிளே’ எனக் கூறும் வெற்றாட்டமாகும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, இது 30 டிகிரிக்கு மேற்படலாகாது என வரையறுக்கிறது. கடிகார முகப்பில் 12-க்கும் 1-க்கும் இடையேயுள்ள கோணம் அதுவே. 38 செ.மீ. குறுக்களவுள்ள ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் இது சுமார் 10 செ.மீ. ஆகும். இது சட்டத்தின் மேல்வரம்பேயன்றி நல்ல நிலையின் அடையாளமன்று.

அடுத்து, சமதரையில் முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மீது வண்டியை நிறுத்துக. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால், பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். மற்றொருவர் பிரேக்கை மிதிக்கும்போது அவ்வாட்டம் மறையுமானால் குற்றம் பேரிங்கைச் சார்ந்தது. பக்கவாட்டில் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் இணைப்புகளை ஐயுற வேண்டும்.

பட்டறைக்கு உரியவை

வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். 1818-இல் இங்கிலாந்தில் ஆக்கர்மன் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பு, தண்டுகளின் நீளத்தையும் கோணத்தையும் பொறுத்தது. டை ராடு முனையை மாற்றுகையில் திருகாணியின் ஒரு சுற்று வேறுபட்டாலும் சக்கரத்தின் திசை மாறிவிடும். சக்கரம் தன் நேர்வழியினின்று ஒரு டிகிரி விலகியிருப்பின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. இவ்விலகலைக் கண்ணால் அறிய இயலாது. ‘வீல் அலைன்மெண்ட்’ கருவி தேவை.

கூம்பு வடிவ உருளைகளுள்ள பேரிங்கும் அத்தகையதே. அதில் விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. மிகுதியாக முடுக்கினால் சூடேறிக் கெடும். தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும். ஸ்டியரிங் பெட்டி, காற்றுப்பை பொருத்தப்பட்ட ஸ்டியரிங் சக்கரம் ஆகியவற்றையும் களத்தில் பிரித்தலாகாது.

வளைந்த தண்டைத் தீயில் காய்ச்சி நிமிர்த்துவதும், முறிந்ததை வெல்டிங் செய்து ஒட்டுவதும் எங்கும், எவராலும் செய்யத்தகாதவை. வெப்பத்தினால் எஃகின் உறுதி மாறிவிடுகிறது. புறத்தோற்றம் அதனைக் காட்டுவதில்லை. பால் ஜாயிண்ட் தளர்ந்திருப்பது வழியில் தெரியவந்தால், கம்பியால் கட்டிக்கொண்டு ஊர் சேரலாம் என எண்ணுவது பேராபத்து. மெக்கானிக்கை அங்கு வரவழைக்க வேண்டும். அல்லது வண்டியை வேறொரு வண்டியின்மேல் ஏற்றிச் செல்ல வேண்டும். ஒருநாள் வேலை தடைப்படுவதை இங்கு நஷ்டமாகக் கருதலாகாது.

வண்டி திரும்பியபின்

பட்டறையிலிருந்து வந்த வண்டியையும் மேற்கூறிய சோதனைகளுக்கு உட்படுத்துக. கழன்று வராதபடி நட்டைப் பூட்டும் காட்டர் பின் புதிதாக இடப்பட்டுள்ளதா, பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழியாமல் உள்ளதா, அலைன்மெண்ட் அளவுகள் எழுத்தில் தரப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுகளையும் தேதியையும் வண்டியின் பதிவேட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை ஆட்டம் எவ்வளவு மிகுந்துள்ளது என்பதை ஒப்பிட்டறியலாம். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு வண்டியில் ஏறுவோரையே சார்ந்தது.