இளைப்பாறுங் காலத்திற்கு இருப்பு

மனிதனது உழைக்கும் வலிமைக்கு எல்லை உண்டு. உண்ணும் தேவைக்கோ உயிருள்ளவரை எல்லை இல்லை. ஆதலின், உழைக்குங் காலத்து வருவாயில் ஒரு கூற்றை உழைக்க இயலாத காலத்திற்கென ஒதுக்கிவைத்தல் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும். யாழ்ப்பாணத்தார் இக்கடனை எவ்வாறு ஆற்றி வந்தனர், இனி எவ்வாறு ஆற்றல் வேண்டும் என ஆராய்தல் பயனுடைத்து.

முற்காலத்துக் குடாநாட்டில் முதுமைக்குக் காப்பாயிருந்தவை காணி, பொன், மக்கள் என்னும் மூன்றுமாம். ஆங்கிலக் கல்வி பரவியபின் நான்காவதாக உபகாரச் சம்பளம் வந்து சேர்ந்தது. கற்ற இளைஞர் இலங்கைக் கந்தோர்களிலும், மலாயாவின் புகையிரதப் பகுதி முதலியவற்றிலும் உத்தியோகம் பெற்றனர். இளைப்பாறி ஊர் திரும்பிய 'மலாயாப் பென்சனியர்' கல்வீடு கட்டிக் கவலையின்றி வாழ்ந்ததைக் கண்டோர், தம் புதல்வருக்கும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர்.

எனினும், உத்தியோகத்தர் இறப்பின் அவர் குடும்பத்தின் நிலை யாது? இவ்வினாவுக்கு விடையாகவே 1898 ஆம் ஆண்டில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியக் கட்டளைச் சட்டம் எழுந்தது. சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்படும் சிறுதொகையே பின்னர் மனைவி மக்களுக்கு ஊதியமாகின்றது. பெண் உத்தியோகத்தரின் குடும்பத்தினர்க்கு இத்தகைய உரிமை 1983 ஆம் ஆண்டிலேதான் கிட்டியது.

தனியார் தாபனங்களில் உழைப்போர்க்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை வகுத்தது. இன்று ஊழியர் உழைப்பில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோர் 12 வீதமும் அதிற் செலுத்துகின்றனர். ஆண்கள் 55 வயதிலும், பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். ஈண்டு ஒரு வேறுபாடு உளது. உபகாரச் சம்பளம் மாதந்தோறும் வருவது. சேமலாப நிதியோ ஒருங்கே கைக்கு வருவது. ஒருங்கே வந்த பணம் மகளின் சீதனமாகவும் மகனின் பிரயாணச் செலவாகவும் ஒருங்கே கழிதலும் உண்டு. அதன்பின் இருபது ஆண்டுகள் வாழநேரின் கதி என்ன? எனவே, அத்தொகையில் ஒரு பகுதியேனும் தீண்டாது வைக்கப்படல் வேண்டும்.

வீட்டை மக்களுக்கு நன்கொடை உறுதி எழுதும் பெற்றோர், தம் சீவிய உரித்தை அவ்வுறுதியிலேயே ஒதுக்கிக்கொள்ளுதல் நன்று. அது மக்கள்மீது கொண்ட ஐயமன்று. இருசாராரின் அன்பையும் காக்கும் வேலியாம்.

சேமிப்பிற்குக் காலமே உரம். நூற்றுக்கு 8 வீதக் கூட்டுவட்டியில் முதல் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இரட்டிக்கும். 24 வயதில் இட்ட நூறு ரூபா 60 வயதில் ஏறத்தாழ 1,600 ஆகும். 33 வயதில் இட்ட நூறு ரூபாவோ 800 அளவிலேயே நிற்கும். ஒன்பது ஆண்டுத் தாமதத்தின் விலை பாதி!

ஆயினும் பணத்தை மாத்திரம் நம்புதலும் போதாது. 2022 ஆம் ஆண்டு புரட்டாதியில் இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அத்தகைய ஆண்டில் நூறு ரூபாவின் கொள்வலிமை அறுபது ரூபாவுக்குக் குறைகின்றது. காணியை மாத்திரம் நம்புதலும் அத்தன்மைத்தே. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடும் வளவும் பின்னே நின்றன. பொன்னும் வங்கிப் புத்தகமுமே உடன்சென்றன. இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது யாதெனின், இருப்பைப் பலவகையாகப் பகிர்ந்து வைத்தலே பாதுகாப்பு என்பதாம்.

கமக்காரர்க்கு 1987 இலும், மீனவர்க்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் தோட்டத்திலும் கடலிலும் உழைப்போர்க்குத் தம் சொந்தச் சேமிப்பே பெருந்துணையாகும். ஆதலால், வேண்டிய செலவெல்லாம் போக எஞ்சியதைச் சேமித்தல் என்னும் வழக்கத்தை மாற்றி, சேமித்தபின் எஞ்சியதைச் செலவிடுதல் என்னும் ஒழுங்கை மாணவர் தம் முதற் சம்பளத்திலேயே தொடங்குவாராக. முதுமையிற் பிறர் கையை எதிர்பாராது, இயன்றபோது பிறர்க்கும் ஈந்து வாழும் பெருமை அவர்க்கு வாய்க்கும்.