ரத்தம் குறைந்தால் புற்றுநோய் முற்றிவிட்டதென்று அர்த்தமா?

சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயோடு நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெரியவருக்கு ஹீமோகுளோபின் சில வாரங்களில் 11-லிருந்து 7-க்கு இறங்கிவிடுகிறது. 'சத்துக் குறைவு' என்று இரும்புச்சத்து மாத்திரை தொடங்கும், அல்லது 'நோய் முத்திப்போச்சு' என்று வீடே சோர்ந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ அவரைக் கோவைக்கு அழைத்துவருபவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: கூம்ஸ் டெஸ்ட் எடுத்தாயிற்றா? கேம்பிரிட்ஜில் 1945-இல் உருவான இந்த எளிய பரிசோதனை, உடலே தன் சிவப்பணுக்களுக்கு எதிராக எதிர்ப்பணு சுரக்கிறதா என்று காட்டும். சுரந்தால் மண்ணீரல் அந்தச் சிவப்பணுக்களை அழிக்கும். கண் மஞ்சளாகும், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் கூடும். அவை அடியோடு குறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டும். அங்கே சிவப்பணு உற்பத்தி மட்டும் நின்றிருந்தால், அதற்கு சைக்ளோஸ்போரின் உதவும்.

காரணத்தைப் பிரித்தறிவது ஏட்டளவு விஷயமல்ல. பார்சிலோனா மருத்துவர்கள் 2010-இல் 960 சி.எல்.எல். நோயாளிகளை ஆராய்ந்ததில், 70 பேருக்கு ரத்த அணுக்களையே தாக்கும் இத்தகைய எதிர்ப்பணுக் கோளாறு இருந்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மஜ்ஜை முழுக்கப் புற்றணு நிறைந்து சோகை வந்தவர்களைவிட, எதிர்ப்பணுவால் வந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். புற்றுநோய் அடங்கியிருந்தால், இவர்களுக்குக் கீமோவை விட முதலில் வேண்டியது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து: எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. மிக மலிவான மாத்திரைதான். பலன் தெரிந்ததும் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கேட்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப், அதற்கும் அடங்காவிட்டால் புற்றுநோய்க்கே சிகிச்சை.

ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அதை மேலும் அடக்கலாமா என்பது நியாயமான அச்சம். சர்க்கரை ஏறும், மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கும், ரிட்டுக்ஸிமாப் கொடுத்தால் ஹெபடைடிஸ் பி கிளர்ந்தெழலாம். வெறுங்காலோடு தோட்டத்தில் பாடுபட்டவர் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு இருந்தால், ஸ்டீராய்டு அதை உடலெங்கும் பரப்பி உயிருக்கே ஆபத்தாக்கும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே பரிசோதித்துத் தடுக்க முடியும். சிகிச்சையைத் தவிர்க்க இவை காரணமல்ல. சிவப்பணு அழிந்துகொண்டே போனால் வயதானவரின் இதயம் தாங்காது. இன்னொன்றையும் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். எதிர்ப்பணு எல்லா ரத்தத்தோடும் வினைபுரிவதால், ரத்த வங்கியில் 'ஒரு யூனிட்டும் சேரவில்லை' என்று சொல்லலாம். அதற்காக ரத்தமே ஏற்ற முடியாது என்றில்லை. மூச்சு வாங்கும் அவசரத்தில், இருப்பதில் பொருத்தமானதைத் தேர்ந்து, மெதுவாக, பக்கத்திலிருந்து கண்காணித்து ஏற்றுவார்கள்.