அணைக் கணக்கில் வராத நத்தை

செனகல் நாட்டின் வட எல்லையில், ஆற்றங்கரையோரம் ரிஷார் டோல் என்று ஓர் ஊர். ரிஷார் என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலைக்காரர் 1820-களில் இங்கே ஒரு பரிசோதனைத் தோட்டம் போட்டார். ‘டோல்’ என்றால் வோலோஃப் மொழியில் வயல். ஆக, ரிஷார் வயல். இன்றைக்கு அங்கே வயல் என்றால் கரும்புதான். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு, ஊடே வாய்க்கால்கள், பக்கத்தில் பெரிய சர்க்கரை ஆலை. அக்கரை மொரிட்டேனியா.

1988-ன் தொடக்கத்தில், இந்த ஊரில் நோயாளி ஒருவரின் மலத்தைச் சோதித்தபோது நுண்ணோக்கியில் ஒரு முட்டை தென்பட்டது. நீளவாக்கில் இருந்த அந்த முட்டையின் விலாவில் ரோஜா முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த முள் ஒன்றே போதும். குடலைத் தாக்கும் பில்ஹார்சியா. ஆற்றின் இந்தக் கீழ்ப்பகுதி அதுவரை கண்டிராத நோய். மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் அந்த நோயை உண்டாக்கும் புழு குடியேறிவிட்டது. சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் பத்துக்கு ஒன்பது பேர்.

முட்டை கண்ணில் படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால்தான், ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே மூன்று நாடுகள் கூடி ஓர் அணையைக் கட்டி முடித்திருந்தன.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜருக்கு அடுத்த நீளமான ஆறு செனகல். கினியாவின் ஃபூட்டா ஜாலோன் மலைகளில் பாஃபிங் என்ற பெயரோடு பிறக்கிறது. கறுப்பு ஆறு என்று பொருள். மாலி நாட்டில் பாஃபூலாபே என்னுமிடத்தில் பாக்கோய் என்கிற வெள்ளை ஆறு வந்து சேர்கிறது. பிறகு செனகலுக்கும் மொரிட்டேனியாவுக்கும் நடுவே எல்லைக்கோடாகவே ஓடி, சேன் லூயி நகரத்தருகே அட்லாண்டிக்கில் கலக்கிறது. சுமார் 1,800 கிலோமீட்டர் ஓட்டம்.

மழைக்காலத்தில் ஆறு கரைபுரளும். வெள்ளம் வடிந்ததும் ஈரம் காயாத கரை நிலத்தில் சோளம் விதைப்பார்கள். ‘வாலோ’ என்று பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த விவசாயம். கோடையில் நிலைமை தலைகீழ். வரத்து குறைந்ததும் கடல் உள்ளே ஏறும். 200 கிலோமீட்டர் வரைகூட உப்புத் தண்ணீர்தான். 1968-ல் தொடங்கி 1973 வரை சஹேல் பகுதியை வாட்டிய வறட்சியில் வெள்ளமும் பொய்த்தது, வாலோவும் போயிற்று, மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன.

அந்த வறட்சியின் நடுவில், 1972-ல், மாலி, மொரிட்டேனியா, செனகல் மூன்றும் சேர்ந்து செனகல் ஆற்று வளர்ச்சி அமைப்பைத் தொடங்கின. ஓ.எம்.வி.எஸ். என்பது அதன் பிரெஞ்சுச் சுருக்கப் பெயர். ஆற்று நீர்ச் சச்சரவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லும் அமைப்பு இது. காரணம், 1978-ல் இவர்கள் போட்ட ஓர் ஒப்பந்தம். எந்த நாட்டு மண்ணில் அணை எழுந்தாலும் அது எல்லோருக்கும் பொதுச் சொத்து. பாகம் பிரிக்க முடியாது. கடனுக்கும் எல்லோரும் பொறுப்பு. கூட்டுக் குடும்பத்துக் கிணறு மாதிரி.

இரண்டு அணைகள் எழும்பின. முகத்துவாரத்துக்கு மேலே டியாமா, 1986-ல். இதன் வேலை, கடல்நீர் உள்ளே வராமல் மறிப்பது. மாலிக்குள்ளே பாஃபிங் மீது மனந்தாலி, 1988-ல். இது நீரைத் தேக்கும் அணை. கொள்ளளவு 1,130 கோடி கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 400 டி.எம்.சி.; நான்கு மேட்டூர் அணைகளுக்கு மேல். அங்கே பின்னால் அமைந்த 200 மெகாவாட் மின் நிலையத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரிட்டேனியாவுக்கு 15 என்று பங்கு.

தண்ணீரை மட்டும் அப்படிப் பங்கு போடவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்ற பேச்சே கிடையாது. பாசனம், குடிநீர், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்று தேவைகளை வைத்து உட்கார்ந்து பேசித்தான் நீர் திறக்கிறார்கள். 1989-ல் மேய்ச்சல் நிலத் தகராறு ஒன்று முற்றி, செனகலும் மொரிட்டேனியாவும் எல்லையை மூடி, தூதரக உறவையே முறித்துக்கொண்டன. ஆயிரக்கணக்கானோர் அகதிகளாயினர். அப்போதும் ஓ.எம்.வி.எஸ். உடையவில்லை. இந்த அளவுக்குக் கெட்டியான ஏற்பாடுகள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஆனால் பேசித் தீர்த்த பட்டியலில் நத்தை இல்லை.

பில்ஹார்சியாவுக்கு மருத்துவப் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். 1851-ல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயரால் பழைய பெயரும் நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு வீட்டுப் பேச்சுப் பெயர் எதுவும் இல்லை. இந்தியாவில் அந்த நோய் கிட்டத்தட்ட இல்லாததால் பெயருக்கும் தேவை எழவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சிற்றூரில் 1950-களில் தலைகாட்டியது ஒரு விதிவிலக்கு.

புழுவின் வாழ்க்கைக்கு இரண்டு வீடுகள் வேண்டும். ஒன்று மனித ரத்தக்குழாய், இன்னொன்று நன்னீர் நத்தை. மனிதக் கழிவோடு தண்ணீரில் விழும் முட்டை பொரிந்து, உள்ளிருந்து வரும் குஞ்சு சில மணி நேரத்துக்குள் தனக்கேற்ற நத்தையைத் தேடிப் பிடித்தாக வேண்டும். பிடித்துவிட்டால் நத்தைக்குள் பெருகி, சில வாரம் கழித்து ஆயிரக்கணக்கில் வெளியேறும். இப்போது அதற்கு இரட்டை வால். கண்ணுக்குத் தெரியாது. குடல் பில்ஹார்சியா புழுக்கள் நத்தையை விட்டு அதிகமாக இறங்குவது நல்ல வெயில் நேரத்தில், உச்சிப்பொழுதையொட்டி. பிள்ளைகள் ஆற்றில் குதிக்கும் நேரமும், பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துணி அலசும் நேரமும் அதுதான்.

தோலில் ஒட்டிய சில நிமிடங்களில் வாலை உதறிவிட்டு உள்ளே நுழைந்துவிடும். அரிப்புகூட இல்லாமல் போகலாம். பிறகு ரத்தத்தோடு பயணம் போய், குடலைச் சுற்றிய நாளங்களில் ஆணும் பெண்ணும் ஜோடி சேரும். ஆண் புழுவின் உடம்பில் நீளமாக ஒரு மடிப்பு. அதற்குள் பெண்ணைப் பொதிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும். தினமும் நூற்றுக்கணக்கில் முட்டை. பாதி முட்டைகள் வெளியேறும். மீதி, உடம்புக்குள்ளேயே, பெரும்பாலும் கல்லீரலில், சிக்கிக்கொள்ளும். நோய் என்பது உண்மையில் அந்தச் சிக்கிய முட்டைகளை எதிர்த்து உடம்பு நடத்தும் போர்தான். ரத்தப்போக்கு, சோகை, வீங்கிய வயிறு, வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள்.

டியாமா அணைக்கு முன்னால் ஆண்டின் பல மாதங்கள் கீழாற்றில் உப்பு ஏறியதால் நத்தை நிலைக்க முடியவில்லை. அணை கடலை வெளியே நிறுத்தியதும் ஆண்டு முழுக்க நன்னீர். வாய்க்கால்களில் ஓட்டம் குறைந்து நீர் தேங்கியது, நீர்ச்செடிகள் மண்டின, நத்தைக்குச் சொர்க்கம். கரும்பு வேலைக்குப் பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்; அவர்களில் யாரோ சிலருடைய குடலில் புழுவும் வந்தது. கழிப்பிடம் போதவில்லை. வேறென்ன வேண்டும்?

இது யாருக்கும் தெரியாத ஆபத்தும் அல்ல. கானாவில் 1965-ல் அகோசோம்போ அணை கட்டி வோல்டா ஏரி நிரம்பியதும், சிறுநீர்ப்பையைத் தாக்கும் பில்ஹார்சியாவால் கரையோரப் பிள்ளைகளின் சிறுநீரில் ரத்தம் வந்ததை மருத்துவ உலகம் பார்த்திருந்தது. அணை வந்தால் நத்தை வரும் என்பது அப்போதே பாடம். பாடம் மருத்துவர்களிடம் இருந்தது, வரைபடம் பொறியாளர்களிடம் இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வரவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கொசுவும் சும்மா இருக்கவில்லை. 1987-ல் மொரிட்டேனியக் கரையில் ரோஸ்ஸோ ஊரைச் சுற்றி ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வெடித்தது. ஆடு மாடுகளுக்குச் சினை கலைந்தது. மனிதர்களில் 200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு அணை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீர்ப்பரப்பு விரிந்ததோடு மழையும் மந்தைகளின் நடமாட்டமும் சேர்ந்துகொண்டன.

பில்ஹார்சியாவுக்கு மருந்து இருக்கிறது. பிராசிகுவான்டெல் மாத்திரை, விலை குறைவு, ஒரே வேளை போதும், வேறு இடங்களில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். ரிஷார் டோலுக்குப் பக்கத்தில் என்டோம்போ என்ற சிற்றூரில் 1990-களின் தொடக்கத்தில் கொடுத்துப் பார்த்தபோது முழுக்கக் குணமானவர்கள் வெறும் 18 சதவீதம். புழு மருந்துக்கு மசியாத ரகமோ என்று உலகமே பயந்தது. பிறகுதான் புரிந்தது. இந்த மாத்திரை முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும், இளசுகளைத் தொடாது. என்டோம்போக்காரர்கள் உடம்பில் இளம் புழுக்கள் ஓயாமல் சேர்ந்துகொண்டே இருந்தன. மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் காலையில் அதே வாய்க்காலில்தானே இறங்க வேண்டும்!

புழுவுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படுவதில்லை என்பதற்கு ஐரோப்பாவிலேயே சாட்சி உண்டு. பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா தீவில் காவு என்ற சிற்றாற்றில் கோடைக்காலத்தில் குளித்துக் களித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை பில்ஹார்சியா இருப்பது 2014-ல் தெரியவந்தது. ஆப்பிரிக்கா பக்கமே போகாதவர்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த ஒட்டு ரகம். அதன் பூர்வீகம் செனகல்.

மருந்து ஒன்றே தீர்வில்லை என்றான பிறகு, ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். அணை, நத்தையைக் கொண்டுவந்தது சரி, எதை விரட்டியது?

இறாலை. செனகல் ஆற்றின் நன்னீர் இறால், நம் ஆற்று இறால்களின் நெருங்கிய சொந்தம். நீளக் கால்களோடு, கையை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளரும். நத்தை என்றால் அதற்கு அலாதி ஆசை. ஓட்டை உடைத்துத் தின்னும். ஆற்றில் வளர்ந்தாலும் அதன் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். எனவே சினை இறால் முகத்துவாரத்துக்கு இறங்கும். குஞ்சுகள் வளர்ந்து ஆற்றில் ஏறும். டியாமா அந்தப் பாதையின் குறுக்கே நிற்கிறது. அணைக்கு மேலே இறால் அருகிப்போனது.

சூசன் சோகோலோ என்ற சூழலியலாளரும் செனகல் ஆய்வாளர்களும் சேர்ந்து, லாம்ப்சார் என்ற ஊரில் மக்கள் புழங்கும் துறையை வலையடைத்து இறால் விட்டார்கள். இன்னொரு ஊரில் விடவில்லை. இரண்டு ஊருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது: இறால் இருந்த துறையில் நோய் சுமந்த நத்தைகள் வெகுவாகக் குறைந்திருந்தன, அந்த ஊர் மக்கள் உடம்பிலிருந்து வெளிவந்த முட்டைகளும் ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. வளர்ந்த இறாலைப் பிடித்துச் சாப்பிடவும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். கிழட்டுப் பெரிய இறாலைவிட இளசுதான் நத்தையைச் சுறுசுறுப்பாகத் தின்னும் என்பதால், பெரிதைப் பிடிப்பதால் பாதகமும் இல்லை.

அடுத்த அடி இன்னும் எளிமையானது. ட்ரோன் படங்களை வைத்துப் பார்த்தபோது, துறையோரத்தில் நீர்ச்செடி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே நோயின் நல்ல அளவுகோலாக இருந்தது. நத்தைகள் அடைவது அந்தச் செடிகளுக்குள். வயலில் போடும் உரம் ஆற்றுக்கு வழிந்து செடியைக் கொழுக்க வைக்கிறது. ஜேசன் ரோர் தலைமையிலான குழு ஊர்க்காரர்களோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான டன் செடியை வாரி வெளியே போட்டது. அந்தத் துறைகளில் பிள்ளைகளுக்கு மறுபடி குடல் பில்ஹார்சியா தொற்றுவது குறைந்ததாக 2023-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அள்ளிய செடியும் வீணாகவில்லை. மக்க வைத்து வயலில் போட்டால் வெங்காயமும் மிளகாயும் கூடுதலாக விளைந்தன. ஆடு மாடுகளுக்குத் தீவனமாகவும் ஆனது. ஓடிப்போன உரத்தைப் பிடித்து வந்து வயலுக்கே திருப்பித் தந்த மாதிரி.

ஆற்று அமைப்பும் காலம் கடந்தாவது கணக்கைத் திருத்தியது. 2002-ல் கையெழுத்தான நீர் சாசனம், கரையோர மக்களுக்குச் சுத்தமான தண்ணீர் உரிமை என்று எழுதிவைத்தது. 2006-ல் கினியாவும் சேர்ந்து, ஆறு பிறக்கும் இடம் முதல் கடலில் விழும் இடம் வரை எல்லா நாடுகளும் உள்ளே வந்தன. அணைகளுக்கு மட்டுமே கடன் வாங்கிய அமைப்பு, உலக வங்கி உதவியோடு கொசுவலையும் பில்ஹார்சியா மாத்திரையும் விநியோகித்தது. ஒரு நாட்டுக் கரையில் மாத்திரை கொடுத்து மறுகரையை விட்டுவிட்டால் பலனில்லை என்பதால், இந்த வேலையை இப்படியோர் அமைப்பு செய்வதுதான் பொருத்தம். மேல் ஆற்றில் அணை கட்டுவது மட்டும் நிற்கவில்லை. மாலியில் கூயினா நீர்மின் நிலையம் 2022-ல் திறக்கப்பட்டது.

வலைக்குள் விடும் இறால் அங்கே பெருகாது. தீர்ந்தால் பண்ணையிலிருந்து புதிதாகக் கொண்டுவந்துதான் விட வேண்டும். டியாமா அணையின் ஓரத்தில் இறால் ஏறி இறங்க ஒரு சரிவுப்பாதை அமைத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம் என்று ஆய்வாளர்கள் யோசனை சொல்கிறார்கள். சின்னப் பாதைதான். ஆனால் அணை கூட்டுச் சொத்து. சுவரில் ஒரு சாண் உடைப்பதென்றாலும் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.