தானாக நகரும் ஃபேடர் தடுமாறும்போது: வீட்டு ஒலிப்பதிவு அறைகளுக்கு ஒரு பழுதுபார்ப்புக் கையேடு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் தொடர்மாடிகளிலும், ஓர் அறையை ஒதுக்கி ஒலிப்பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். பக்திப் பாடல், விளம்பரக் குரல், குறும்பட இசை என்று கிடைக்கும் வேலையில்தான் வாடகை கட்டுகிறார்கள். அவர்களிடம் சில வேளைகளில் வேறு விதமான வேலையும் வரும். பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய கசற். அதில் ஒரு குரல். அந்தக் குரலுக்கு உரியவர் இன்று இல்லை, அல்லது எங்கே என்று தெரியாது.

எங்கள் வீடுகளில் கசற் என்பது பாட்டுக் கேட்பதற்கு மட்டும் இருந்த பொருளல்ல. தொலைபேசி இல்லாத காலத்தில் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கும் வெளிநாட்டிலிருந்து ஊருக்கும் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பினோம். 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளோடும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தில் விட்டுவந்த வீடுகளோடும், 2009இல் வன்னியில் கைவிட்ட பைகளோடும் அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. தப்பியது ஒன்றோ இரண்டோ. அதைக் கணினியில் ஏற்றிச் சீர்செய்யும்போது கருவி தடுமாறினால் கை நடுங்குவது இயல்பு. அந்தத் தடுமாற்றங்களில் அதிகம் வருவது, தானாக நகரும் ஃபேடர் பற்றியது.

அது என்ன செய்கிறது?

ஃபேடர் என்பது ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மேல்-கீழ் தள்ளும் பிடி. பழைய நாடாவில் ஒருவர் ஒலிவாங்கிக்குக் கிட்ட இருந்து சத்தமாகத் தொடங்குவார். பிறகு முகத்தைத் திருப்பிக் குசினியில் நிற்பவரோடு பேசுவார். கடைசியில் அழுகையில் குரல் தாழ்ந்துவிடும். கேட்டுக்கொண்டே ஃபேடரை ஏற்றி இறக்கினால் எல்லாச் சொற்களும் சமமாகக் கேட்கும். அந்தக் கை அசைவைக் கணினி நினைவில் வைத்து, அடுத்த முறை ஃபேடரைத் தானே அதே போல நகர்த்தும். 1970களின் பிற்பகுதியில் நீவ் நிறுவனத்தின் நெகாம் அமைப்பு பெரிய ஸ்டூடியோக்களுக்குக் கொண்டுவந்த வசதி, இன்று மேசையில் வைக்கும் சிறு கருவிகளில் கிடைக்கிறது.

ஒவ்வொரு ஃபேடருக்குள்ளும் மூன்று பகுதிகள் உள்ளன. பிடியை இழுக்கும் சின்ன மோட்டாரும் பட்டியும் ஒன்று. பிடி எங்கே நிற்கிறது என்று சொல்லும் மின்தடைப் பாதை இரண்டாவது. விரல் பட்டதை உணரும் தொடு உணர்வு மூன்றாவது. விரல் பட்டவுடன் மோட்டார் விட்டுக்கொடுக்க வேண்டும்; விரல் எடுத்ததும் பொறுப்பேற்க வேண்டும். வரும் கோளாறு எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றிலோ, மின்சாரத்திலோ, மென்பொருளிலோதான் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போங்கள். திருகாணியைக் கடைசியில் தொடுங்கள்.

முதலில் மின்சாரம்

யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் களைத்தால் பாட்டும் இழுபடும். ஃபேடர் மோட்டாரும் அப்படித்தான். ஒன்று நகரும்போது தேவைப்படும் மின்னோட்டம் சிறிது. பாடலின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது எட்டு ஃபேடர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அது பல மடங்காகும். அப்போது கருவி அணைந்து எரிந்தால், அல்லது ஃபேடர்கள் பாதி வழியில் நின்றால், சந்தேகம் மோட்டாரில் அல்ல, அடப்டரில்.

தொலைந்த அடப்டருக்குப் பதிலாக வாங்கியதைப் பயன்படுத்துகிறீர்களா? வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது. முனையின் நடுப்பகுதி நேரா மறையா என்பதையும், ஏசியா டிசியா என்பதையும் கருவியின் பின்பக்க அடையாளத்தோடு ஒப்பிடுங்கள். யூ.எஸ்.பி. ஊடாக மட்டும் இணைத்தால் விளக்குகள் எரிந்தும் மோட்டார் அசையாத சிறு கருவிகளும் உள்ளன. அது பழுதல்ல, அடப்டர் இல்லாததன் விளைவு. யூ.எஸ்.பி. ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

அடுத்தது ஏர்த். பழைய கட்டடங்களில் ஏர்த் கம்பி சுவிட்ச்போட் வரை வந்திருக்காது. வந்தாலும் இரட்டை முள் மாற்றி ஒன்றைச் செருகி நாமே அதைத் துண்டித்துவிடுவோம். தொடு உணர்வு உடலின் மிகச் சிறிய மின் தேக்கத்தை அளந்து வேலை செய்கிறது. ஏர்த் இல்லாவிட்டால் யாரும் தொடாமலே 'விரல் பட்டது' என்றும், தொட்டும் 'படவில்லை' என்றும் அது தடுமாறலாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது பலர் மலிவான இன்வேர்ட்டர் வாங்கினோம். அவற்றின் மின்னலை சீரானதல்ல. சில கருவிகளில் ஃபேடர் நடுங்க அதுவும் காரணமாகலாம். நேரடி மின்சாரத்தில் நடுக்கம் நின்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

பிறகு மென்பொருள்

'கையை எடுத்தவுடன் ஃபேடர் பழைய இடத்துக்கு ஓடிவிடுகிறது.' அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. பெரும்பாலும் இது பழுதே அல்ல. தடம் 'ரீட்' நிலையில் இருந்தால், முன்பு எழுதிய அசைவைப் படித்து ஃபேடரை அங்கேயே கொண்டுபோவது கணினியின் கடமை. புதிய அசைவை எழுத 'டச்' அல்லது 'லாட்ச்' நிலைக்கு மாற்ற வேண்டும். டச் நிலையில் விரலை எடுத்ததும் பழைய பாதைக்குத் திரும்பும். லாட்ச் நிலையில் நீங்கள் விட்ட இடத்திலேயே தொடரும்.

இரண்டாவது, மொழி. இந்தக் கருவிகளில் பல கணினியோடு பேசுவது 1983இல் அறிமுகமான மிடி முறையில். அதற்குள்ளும் மெக்கி கொன்ட்ரோல், எச்.யூ.ஐ. என்று இரண்டு பேச்சுவழக்குகள் உண்டு. புரோ டூல்ஸ் எச்.யூ.ஐ. கேட்கும், ரீப்பர், கியூபேஸ், லொஜிக் ஆகியவற்றுக்கு மெக்கி கொன்ட்ரோல் வசதி. கருவி ஒன்றிலும் மென்பொருள் மற்றதிலும் இருந்தால், ஃபேடர் அசையாது அல்லது கோணல்மாணலாக அசையும்.

மூன்றாவது, இரட்டைப் பதிவு. ஒரே கருவியை அமைப்புகளில் இரண்டு தடவை சேர்த்துவிட்டால் இரண்டு கட்டளைகள் மோதி ஃபேடர் துடிக்கும். ஒன்றை நீக்குங்கள். அதேபோல், கருவியின் மிடி வாயிலைச் சாதாரண விசைப்பலகை உள்ளீடாகவும் திறந்து வைத்திருந்தால், ஃபேடரைத் தள்ளும்போது இசைக்கருவியின் சுருதி வளையும். ஃபேடர் நிலை 'பிட்ச் பென்ட்' செய்தியாகவே செல்வதுதான் காரணம். உள்ளீட்டுப் பட்டியலில் அந்த வாயிலை அணைத்துவிடுங்கள்.

தொடு உணர்வைச் சோதிக்கும் முறை

இலவசமாகக் கிடைக்கும் மிடி மொனிட்டர் மென்பொருள் ஒன்றை இறக்கி, ஒலிப்பதிவு மென்பொருளை மூடிவிட்டுத் திறவுங்கள். மெக்கி கொன்ட்ரோல் நிலையில் முதலாவது ஃபேடரை நகர்த்தாமல் தொட்டால் மட்டும் நோட் 104 வர வேண்டும். எட்டாவதுக்கு 111, மாஸ்டருக்கு 112. விரலை எடுத்ததும் அதே எண் சுழிய மதிப்போடு வரும். நகர்த்தினால் பிட்ச் பென்ட் எண்கள் ஓடும்.

தொட்டும் நோட் வரவில்லையானால் தொடு உணர்வில் கோளாறு. நகத்தால் தள்ளுகிறீர்களா, விரல் மிகவும் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடியை மாற்றியிருந்தால், புதியது மின் கடத்தாத சாதாரண பிளாஸ்டிக்காக இருக்கலாம். தொடாமலே நோட் வந்துகொண்டிருந்தால் ஏர்த்தை மீண்டும் பாருங்கள். நோட் ஒழுங்காக வந்தும், ஃபேடர் அசையாமல் நிற்கும்போது எண்கள் துள்ளினால் மின்தடைப் பாதை அழுக்கடைந்துள்ளது.

உப்பும் தூசும்

மரைன் டிரைவ் பக்கம் வசிப்பவர்களுக்கு யன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்று தெரியும். அதே உப்புக் காற்று ஃபேடரின் பிளவு வழியாக உள்ளே போய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் கனரக வாகனங்களின் புகையும் தூசும் அந்த வேலையைச் செய்யும். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடுவது எந்தப் பழுதுபார்ப்பையும் விட மலிவு.

பிடித்துவிட்டால், மசகு எண்ணெய் ஸ்பிரே எதையும் பிளவுக்குள் அடிக்காதீர்கள். உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து, தூசைப் பசையாக்கி, சில வாரங்களில் முன்பைவிட மோசமாக்கும். மின்சாரத்தை முற்றாகக் கழற்றி, கருவியைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்து, பிறகே மூடியைத் திறவுங்கள். உள்ளேயே மின்வழங்கி உள்ள கருவியானால், கழற்றிய பின்னரும் அதன் பகுதியில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்; அதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். தூசை மென்மையான தூரிகையால் எடுத்து, தண்ணீர் குறைந்த ஐசோபுரொபைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் சிறிது தொட்டு, பாதையை ஒற்றித் துடையுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். பாமசியில் கிடைக்கும் 70 வீதத்தில் தண்ணீர் அதிகம். நன்றாக உலர்ந்த பின் மின்சாரம் கொடுத்து, கையேட்டில் உள்ள அளவுத்திருத்தத்தை ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஒரு ஃபேடர் மட்டும் அசையவில்லையானால், மின்சாரம் இல்லாத நிலையில் கையால் நகர்த்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அழுக்கு. இலகுவாக ஓடி மின்சாரத்தில் மட்டும் நின்றால் பட்டி, மோட்டார் அல்லது அதன் இணைப்பு. பக்கத்து ஃபேடரின் இணைப்பானோடு மாற்றிச் செருகுங்கள். பழுது ஃபேடரோடு சேர்ந்து இடம் மாறினால் ஃபேடர் பழுது. அதே இலக்கத்தில் நின்றால் மின்சுற்றுப் பலகை பழுது. புதுப் பாகத்துக்குப் பணம் கட்டும் முன் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறிய பிறகு, வெளிநாட்டிலிருந்து தவறான பாகத்தை வரவழைப்பது சின்ன நட்டமல்ல. நல்ல மல்டிமீற்றர் உள்ள ஒரு திருத்துநரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரியுங்கள். ஃபேடரில் எழுதியுள்ள பாக இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

கருவி பழுதாகலாம், மூலம் பழுதாகக்கூடாது

நடுங்கும் ஃபேடரை எழுதும் நிலையில் விட்டால், அந்த நடுக்கமும் பதிவாகும். ஒரு பெயரின் நடுவே குரல் அமிழ்ந்துவிடும். நல்லவேளை, அது ஒலியின் மேல் எழுதிய குறிப்பு மட்டுமே. அதை அழித்தால் ஒலி அப்படியே இருக்கும். ஆனால் அந்த நிலையில் கோப்பை ஏற்றுமதி செய்து, மூலத்தை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

ஆகவே ஒழுங்கு இதுதான். கசற்றைப் போடும் முன் அதன் மேல் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடையுங்கள். இனித் தவறுதலாக அதன் மேல் பதிவாகாது. ஃபேடர் எதையும் தொடாமல், முழு நாடாவையும் ஒரே ஓட்டத்தில் வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்பது ஒலிக் காப்பகங்கள் ஏற்கும் குறைந்தபட்ச அளவு. அதற்கு மூன்று பிரதிகள். ஒன்று வேறொரு வீட்டில். குடும்பம் விரும்பினால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசலாம். ஆனால் சம்மதம் அவர்களுடையது. வீட்டுக்குள் பேசிய பேச்சு அது.

இவ்வளவும் முடிந்த பிறகு பிரதியில் வேலையைத் தொடங்குங்கள். ஃபேடர் சரிவந்தால் நல்லது. சரிவராவிட்டால் அளவைச் சுட்டியால் கோடாக வரைந்தும் அதே வேலையை முடிக்கலாம். நேரம் கூடும், அவ்வளவுதான். கசற் கொண்டுவந்தவருக்குத் தேவை அந்தக் குரல். அது ஏற்கெனவே மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால், பழுதை நிதானமாகத் தேட உங்களுக்கும் கை நடுங்காது.